மீட்பு ஐஎஸ்ஓ செத்த டிஸ்கிலேயே இருந்தது

டெபியன் லினக்ஸில் ஓடும் எங்கள் சர்வரின் டிஸ்க் ஒரு காலையில் செத்துப்போனது. நான் பதறவில்லை. பேரியோஸ் என்கிற பேக்கப் மென்பொருள் தினமும் இரவில் பேக்கப் எடுக்கிறது. அதோடு ரியர் என்கிற மீட்புக் கருவியையும் இணைத்திருந்தேன். ரியர் உருவாக்கும் ஐஎஸ்ஓவில் (பூட் செய்யக்கூடிய டிஸ்க் இமேஜ் கோப்பு) பூட் செய்து 'ரியர் ரெக்கவர்' என்று கொடுத்தால், பார்ட்டிஷன் பிரிப்பதில் தொடங்கி, பேரியோஸிலிருந்து கோப்புகளை இறக்கி, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் வரை அதுவே போட்டுவிடும்.

ஐஎஸ்ஓவைத் தேடினேன். வழக்கமான இடமான வார், லிப், ரியர், அவுட்புட் அடைவில்தான் விட்டுவைத்திருந்தேன். அதாவது, செத்த டிஸ்கில்!

சரி, கையாலேயே செய்வோம் என்று நிறுவாமலே நேரடியாக ஓடும் டெபியன் லைவ் பென்டிரைவை மாட்டினேன். புது டிஸ்கைப் பிரித்து, ஃபார்மட் செய்து, மவுன்ட் செய்தேன். லைவிலேயே பேரியோஸ் கிளையன்டை நிறுவி, பழைய சர்வரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்ததும் கோப்புகள் இறங்கத் தொடங்கின.

முடிந்ததும் ரீபூட் செய்தால் வெறும் கறுப்புத் திரை. பூட்லோடர் கோப்புகளோடு வந்துவிடாது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி லைவுக்குப் போனேன். பேக்கப்பில் விலக்கியிருந்த ப்ராக், சிஸ், டெவ் அடைவுகளை வெறுமையாக உருவாக்கி, லைவில் ஓடும் அதே அடைவுகளை அவற்றில் இணைத்து (பைண்ட் மவுன்ட்), புது டிஸ்கையே ரூட்டாகக் கொள்ளும் சிஎச்ரூட்டுக்குள் நுழைந்தேன். எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய டிஸ்கின் அடையாள எண்ணான யூயூஐடி அப்படியே இருந்தது. பிஎல்கேஐடி கட்டளை காட்டிய புது எண்ணை அங்கே எழுதினேன். அப்புறம் கிரப் என்கிற பூட்லோடரையும் பூட்டுக்கான தொடக்கக் கோப்பையும் போடும் கட்டளைகள்: கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப், அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ். லாகின் திரை வந்தது.

இப்போது ரியரின் அவுட்புட் யூஆர்எல் அமைப்பில் நெட்வொர்க் சேமிப்பகமான நாஸ் பெட்டியின் முகவரி இருக்கிறது.