வன்னியில் மீள்குடியேறிக் கட்டும் வீடு: சின்னதாய் முடித்துப் பிறகு நீட்டுவது

லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேல் வரும் கொங்கிறீற்று வளை) மட்டத்தோடு நின்றுபோன சுவர்கள் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புதினமில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்குத் தந்தது 550,000 ரூபா. அதுவும் கட்டம் கட்டமாக. வெளிநாட்டுக் காசு வருமென்று அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டவருக்குக் கூரைக்கு மிஞ்சவில்லை. ஆகவே இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் கூரையோடு முடியுங்கள். மற்றது பிறகு.

கைவிட்டுக் கிடந்த காணியென்றால் கண்ணிவெடி அகற்றியதை உறுதிசெய்யாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். பழைய கிணற்றுக்குள் இறங்கவும் வேண்டாம்.

மாரி வெள்ளம் எதுவரை ஏறியதென்று அயலில் கேட்டு, அதற்கு மேல் குறைந்தது ஒரு அடி வைத்து வீட்டின் நில மட்டத்தை எடுங்கள். அத்திவாரத்துக்கு உள்ளே வயல் களி போட்டு நிரப்பினால் மழைக்கு வீங்கி, கோடைக்குச் சுருங்கி நிலம் வெடிக்கும். கிரவலை ஆறு அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்குங்கள்.

தை மாதம் தொடங்குவது நல்லது. சீமெந்துக் கல் அரியவும் (அச்சில் வார்க்கவும்) கொங்கிறீற்றுக்கும் கிணற்றில் தண்ணீர் இருக்கும். கல்லுக்கு ஒரு பங்கு சீமெந்து, ஆறு பங்கு மணல். விலை குறைத்துத் தருவோர் மணலைக் கூட்டுவார்கள். அரிந்த கல்லைக் கிடுகால் மூடி ஏழு நாள் நனையுங்கள். சோளகக் காற்றில் நனையாமல் காய்ந்த கல் விரலால் சுரண்டினாலே உதிரும். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறவேண்டும்.

நீட்டும் பக்கத்தை இப்போதே தீர்மானியுங்கள். அந்தப் பக்கம் கூரையை நாலாபுறமும் சாய்க்காமல் முக்கோணச் சுவரில் நிறுத்தினால், பிறகு கூரை மரங்களான வளையையும் சிலாகைகளையும் அதே நேரில் தொடரலாம். அந்தச் சுவரில் ஒரு யன்னலைக் கதவு அகலத்துக்கு விடுங்கள், லிண்டலும் அதே அளவுக்கு. புது அறை வரும்போது யன்னலுக்குக் கீழுள்ள கல்லை மட்டும் உடைத்தால் வாசல்.

அதிகம் பிழைப்பது பிறகு சேர்க்கும் விறாந்தைதான். எட்டடிச் சுவரிலிருந்து ஓட்டுக்கூரையை இரண்டடிக்கு ஒரு அடி சரிவில் ஆறடி இறக்கினால் மூன்றடி தாழும். ஐந்தடியில் தலை இடிக்கும். முதலிலேயே அந்தப் பக்கச் சுவரைப் பத்தடிக்கு எழுப்புங்கள். அது முடியாதென்றால் விறாந்தைக்குச் சரிவு குறைந்த தகரம் போடுங்கள். வெக்கை கூடும்தான்.

கூரைக்குப் பனஞ்சிலாகை என்றால் வைரம் பாய்ந்ததாகப் பாருங்கள், வைரமில்லாத சோத்தியில் கறையான் ஏறும்.