பிரெட்னிசொலோன்: குடல் அழற்சிக்காரர் விடும் பிழைகள்

பெருங்குடல் புண் அழற்சிக்கும் குரோன்ஸ் நோய்க்கும் எழுதித் தரும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை, பலருக்குச் சில நாட்களிலேயே வயிற்றோட்டத்தையும் இரத்தம் போவதையும் குறைத்துவிடும். பிழைகள் தொடங்குவதும் அந்தச் சுகத்தில்தான்.

"சுகம் வந்திட்டுது, இனி ஏன் குளிசை?" என்று ஒரேயடியாக விடுவதுதான் பெரிய ஆபத்து. வழமையாகக் காலையில் 40 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை 8 என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு குளிசையாகக் குறைத்து வருவார்கள். 3 வாரத்துக்கு மேல் போட்டவரின் அட்ரீனல் சுரப்பி (உடம்புக்குத் தேவையான சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பது) தன் வேலையைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் சோர்வு, சத்தி, பிறசர் இறங்கி மயக்கம். கந்தசஷ்டி விரதத்துக்கு 6 நாளும் குளிசையை விடுகிறவர்களுக்கும் இது நடக்கலாம். கிளினிக் திகதிக்கு முன் குளிசை முடிகிறதென்றால் முன்கூட்டியே போய் எடுங்கள். சத்தியால் குளிசை தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வருத்தம் திரும்பியதும் பழைய துண்டைக் காட்டி வாங்குவது, அல்லது வீட்டில் ஒருவருக்கு முட்டுக்குத் தந்த மிச்சத்தை எடுப்பது அடுத்த பிழை. இம்முறை இரத்தம் போவது அமீபாக் கிருமியால் என்றால், ஸ்டீரொயிட் குடலில் ஓட்டை விழும்வரை கொண்டுபோகலாம். முதலில் மலப் பரிசோதனை. வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்டீரொயிட் தேவைப்பட்டால், நோயை அடக்கி வைக்கும் மருந்தை மாற்றுவது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அப்படித் தரும் மருந்துகளில் ஒன்றான அசாதயோபிரின் வேலைசெய்ய 2, 3 மாதம் எடுக்கும். "பலனில்லை" என்று இடையில் கைவிடாதீர்கள்.

இரத்தத்தில் சீனி பார்க்கும் நேரமும் பிழைக்கிறது. காலைக் குளிசை பின்னேரத்தில்தான் சீனியை ஏற்றும். வெறுவயிற்றில் பார்த்தால் சரியாகவே காட்டக்கூடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு 2 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். (பனங்கட்டியும் சீனிதான்.) இரவில் போட்டால் நித்திரை வராது. முகம் வீங்குவது அளவு குறையக் குறைய வற்றும், அதற்காக நிறுத்த வேண்டாம். உப்புக் கூடிய கருவாட்டையும் அப்பளத்தையும் குறையுங்கள். எலும்புக்குத் தரும் கல்சியம், விற்றமின் டி குளிசைகளை விடாதீர்கள்.

மூட்டு நோவுக்கு டைக்குளோபினாக் வேண்டாம்: ஸ்டீரொயிட்டுடன் சேர்ந்தால் இரைப்பையில் புண் வரலாம், குடல் அழற்சியும் கிளம்பலாம். பரசிற்றமோல் போதும். ஸ்டீரொயிட் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், வீட்டில் யாருக்காவது கொப்புளிப்பான் வந்து, உங்களுக்கு முன்பு வந்திராவிட்டால், கொப்புளம் தெரியும்வரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.