சிற்றூரில் வாழும் பால்புதுமையர் ஆதரவைத் தேடிக்கொள்ளும் வழி

தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநங்கையர், திருநம்பியர் முதலானோரைக் குறிக்கும் பொதுச்சொல் பால்புதுமையர். சிற்றூரில் வாழும் ஒரு திருநம்பியோ (பிறப்பில் பெண்ணெனக் கருதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) தன்பாலீர்ப்புள்ள பெண்ணோ ஆதரவைத் தேடத் தொடங்கும்போது முதலில் காக்க வேண்டியது இரகசியம். பேருந்து நடத்துநர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை அனைவரும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அறிந்திருக்கும் இடத்தில், மனம் திறந்து பேசும் முதல் மனிதர் உள்ளூர்க்காரராக இல்லாமல் இருப்பதே நல்லது. ஆகவே முதலில் தொலைபேசி, அதன்பின் பக்கத்து மாவட்டத் தலைநகர் என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன்.

வீட்டில் ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்தினால் செயலி எதையும் நிறுவாமல் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (incognito) படியுங்கள். அழைப்புகள் தானாகப் பதிவாகும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து அதை நிறுத்துங்கள். பேசி முடித்ததும் அந்த எண்ணை அழைப்புப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால், நாள் முழுவதும் இயங்கும் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எடுத்துப் பேசும் ஆலோசகருக்கு இதில் புரிதல் குறைவு என்று தோன்றினால், உங்களிடம் குறை இருப்பதாக எண்ணிக்கொள்ளாமல் வேறொரு நேரத்தில் மீண்டும் அழையுங்கள். சென்னையில் 2003 முதல் இயங்கிவரும் ஓரினம் என்ற பால்புதுமையர் ஆதரவு அமைப்பின் இணையதளத்தில், உங்களுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் உதவும் எழுத்துகளைத் தமிழில் படிக்கலாம்.

நேரில் ஒருவரைச் சந்திக்க, அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான அந்த மையத்தின் வழியாக, தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடையேயும் திருநங்கையரிடையேயும் களப்பணி செய்யும் தொண்டு நிறுவனங்களை அறியலாம். அவற்றின் பணியாளர்களில் பலர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே. சித்திரைப் பௌர்ணமியில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூடும் திருநங்கையரிடையே மூத்தவர்களின் அறிமுகமும் கிடைக்கும். பெண்களுக்கும் திருநம்பியருக்கும் இத்தகைய வாசல்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர்கள் பெருநகர அமைப்புகளுடன் தொலைபேசித் தொடர்பை நெடுநாள் பேணுவதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.

சந்திப்புச் செயலியில் அறிமுகமானவரை முதன்முறை பார்க்கும்போது, ஆள் நடமாட்டமுள்ள தேநீர்க்கடையையோ பேருந்து நிலையத்தையோ பகல் வேளையில் தேர்ந்தெடுங்கள். முகம் தெரியும் அந்தரங்கப் படங்களை அனுப்ப வேண்டாம். படத்தைக் காட்டி யாரேனும் பணம் கேட்டு மிரட்டினால் பணம் கொடுக்காமல், உரையாடலைச் சேமித்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தன்பாலீர்ப்பு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்துவிட்டதால், உண்மையைச் சொல்லிப் புகார் கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டார் கட்டாயத் திருமணத்துக்கோ பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றிவிடும்' சிகிச்சைக்கோ வற்புறுத்தினால் சட்டம் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. தன்பாலீர்ப்புள்ள பெண் இணையர் பாதுகாப்புக் கோரித் தொடுத்த சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையின்படி, காணவில்லை என்று பெற்றோர் கொடுத்த புகாரை விசாரிக்கும் காவல்துறையினர், காணாமற்போனதாகச் சொல்லப்பட்டவரும் அவருடைய இணையரும் வயதுவந்த பால்புதுமையர் என்றும் விருப்பத்துடன் சேர்ந்திருப்பவர்கள் என்றும் தெரியவந்தால், வாக்குமூலம் பெற்று, துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும். வீட்டைவிட்டு வெளியேறும் நிலை வருமுன் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். 15100 என்ற எண்ணை அழைத்து, இலவச சட்ட உதவி பெறும் வழியையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.