ஊலாங் தேநீர்: வாங்கும்போதும் ஊறவைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகையான ஊலாங்கை ஒரே சுவையுள்ள சரக்காக எண்ணுவதே பலரும் செய்யும் முதல் தவறு. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஊலாங்கும் ஒரே இனச் செடியின் இலைகள்தாம். வாட்டிக் குலுக்கிய கொழுந்தின் ஓரங்கள் நசுங்கிக் காற்றுபட்டுச் சிவக்கத் தொடங்கிய பின், அந்த மாற்றத்தை எந்தக் கட்டத்தில் சூடேற்றி நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே சுவை அமைகிறது. தைவானின் வடக்கே வென்ஷான் பகுதியில் விளையும் பாவோஜோங், பூமணத்தோடு பச்சைத் தேநீரை ஒட்டி நிற்கிறது. நான்டோ மாவட்டத்து லூகு ஊரைச் சுற்றி உருவாகும் டோங் டிங், மரபுப்படி நன்கு வறுக்கப்படுவதால் வறுத்த பருப்பின் மணமும் அடங்கிய இனிப்பும் பெறுகிறது. ஷின்சு, மியாவ்லி மாவட்டங்களின் ஓரியண்டல் பியூட்டியோ தேனும் பழுத்த கனியும் மணக்க, கறுப்புத் தேநீரை நெருங்கிவிடுகிறது. இவற்றுள் ஒன்றைக் குடித்துவிட்டு ஊலாங்கே பிடிக்காது என்று ஒதுக்குவது அவசர முடிவு.

அடுத்தது, உயரத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பது. தைவானில் 1,000 மீட்டருக்கு மேல் விளைவதையே உயர்மலைத் தேயிலை என்கிறார்கள். அலிஷான், லிஷான் போன்ற இடங்களில் குளிரும் மூடுபனியும் கொழுந்தின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதால் கசப்பு குறைந்து, வழவழப்பான இனிப்பு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஓரியண்டல் பியூட்டி தாழ்ந்த குன்றுகளில், கோடை வெயிலில் பறிக்கப்படுவது. பச்சைத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய கொழுந்தில் செடி எதிர்வினையாக உண்டாக்கும் பொருள்களே அதன் தேன்மணத்துக்கு அடிப்படை என்பதால், அந்தப் பூச்சியைக் கொன்றுவிட்டு அந்தச் சுவையைப் பெற முடியாது. இலங்கையிலும் இதே கதைதான்: நுவரெலியாவின் வெளிர்நிறத் தேநீர் மென்மையானது, 600 மீட்டருக்குக் கீழ் விளையும் ருகுணுத் தேயிலை அடர்ந்த நிறமும் கடுப்பும் கொண்டது, பால் ஊற்றிக் குடிப்பவருக்கு இரண்டாவதே பொருந்தும். ஊவாவில் உயரத்தைவிடப் பருவமே பெரிது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் பறித்த கொழுந்துக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற குளிர்ச்சியான புதினா வாசனை வருகிறது.

ஏமாற்றம் அதிகம் நேர்வது 'மில்க் ஊலாங்' விஷயத்தில். அந்தப் பெயரில் விற்கப்படும் ஊலாங்குக்கு மூலமான ஜின் ஷுவான் என்பது 1981-இல் தைவான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 12-ஆம் எண்ணுடன் வெளியிட்ட செடிவகை. அதன் இயற்கையான பால்வாசனை மிக மெலிதானது. பொட்டலத்தைப் பிரித்ததுமே பால்கோவாக் கடை போல மணந்தால், அது பெரும்பாலும் வாசனை ஏற்றிய சரக்கு. பக்கத்திலேயே விற்கப்படும் ரூபி 18, ஊலாங்கே அல்ல. 1999-இல் வெளியான செடிவகையிலிருந்து சன் மூன் ஏரிப் பகுதியில் செய்யப்படும் கறுப்புத் தேயிலை அது. இலவங்கப்பட்டையும் புதினாவும் கலந்த அதன் மணத்தைப் பால் மூடிவிடும் என்பதால், முதல் முறையாவது வெறுமையாகக் குடித்துப் பார்ப்பது நல்லது.

ஊறவைப்பதில் நம் வீட்டுப் பழக்கமே குறுக்கே நிற்கிறது. ஊலாங்கைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் தங்கும். இதற்கு அஞ்சி, பச்சைத் தேநீருக்குச் சொல்லப்படும் 70, 80 பாகை செல்சியஸ் நீரை ஊற்றுவதும் தவறே. டோங் டிங் போல உருண்டையாக இறுக உருட்டிய இலை அந்தச் சூட்டில் சரியாக விரியாது. அதற்குக் கொதித்து இறக்கிய நீரே ஏற்றது. ஓரியண்டல் பியூட்டிக்குச் சற்று ஆறிய நீர் போதும். உருண்டைகள் விரிந்து பலமடங்கு பெருகும் என்பதால், சிறு குடுவையின் அடி மறையும் அளவுக்கு மேல் போட வேண்டியதில்லை. ஒரு நிமிட ஊறலோடு வடித்த இலையைக் கொட்டிவிடாதீர்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் நல்ல சரக்கு நான்கைந்து முறை தாங்கும், பல வகைகளில் இரண்டாம், மூன்றாம் வடிப்பே முதலாவதைவிடச் சுவையாக இருக்கும்.

மிளகாய்த்தூளும் மசாலாவும் இருக்கும் அலமாரியில் தேயிலையை வைக்கவே கூடாது. அது அண்டை வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும். வறுத்த ஊலாங் காற்றுப்புகாத டப்பாவில் நெடுநாள் நிற்கும். பாவோஜோங் போன்ற இளம்பச்சை வகைகளின் பூமணம் விரைவில் மங்கிவிடுவதால், அவற்றைச் சிறு பொட்டலங்களாகவே வாங்க வேண்டும்.