செம்மறிக் குட்டிகளை வாங்கிக் கொழுக்க வைத்து விற்பவர் போட வேண்டிய கணக்கு

இளம் செம்மறிக் குட்டிகளை வாங்கி, இரண்டு மூன்று மாதம் தீவனம் கொடுத்துத் தேற்றி, கறிக்கு விற்கும் தொழிலில் லாபமும் நட்டமும் பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. அதிக விலை கொடுத்து வாங்கிய தவற்றை நல்ல தீவனமும் பராமரிப்பும் ஓரளவுக்குத்தான் சரிக்கட்டும். ஆகவே சந்தைக்குள் நுழைவதற்கு முன்பே, ஒரு குட்டிக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்ற எண்ணைக் கையில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்த எண்ணுக்குப் போவதற்கு முன், கேள்விப்படும் விலைகளை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டின் விலையை உருப்படிக்கு இவ்வளவு என்றும், உயிர் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்றும், உரித்த எடையில் (தோல், தலை, குடல் நீக்கிய எடை) கிலோவுக்கு இவ்வளவு என்றும் மூன்று விதமாகச் சொல்வார்கள். செம்மறியின் உயிர் எடையில் பொதுவாக 40 முதல் 50 சதவீதம் வரையே உரித்த எடையாகத் தேறும். உங்கள் ஆட்டை வாங்க வரும் ஒருவர் உரித்த கிலோ 220 என்று விலை சொல்ல, ஆடு 45 சதவீதம் தேறுமானால், உயிர் எடையில் அது கிலோவுக்கு 99 மட்டுமே. உயிர் கிலோ 102 என்று சொல்பவர்தான் உண்மையில் கூடுதலாகக் கொடுக்கிறார். இனம், சதைப்பிடிப்பு, வயிற்றில் இருக்கும் தீனி, உரோமத்தின் ஈரம் ஆகிய எல்லாமே இந்தச் சதவீதத்தை மாற்றும். அசைபோடும் விலங்குகளில் வயிற்றுத் தீனியும் நீரும் மட்டுமே உயிர் எடையில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டக்கூடும் என்பதால், வயிறு புடைக்கத் தண்ணீர் குடித்துவிட்டு நிற்கும் குட்டியை எடை போட்டு வாங்குபவர், தண்ணீருக்கும் கறி விலை கொடுக்கிறார்.

இனிக் கணக்குக்கு வருவோம். எந்த நாணயத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, கொழுத்த ஆட்டின் உயிர் எடை ஒரு கிலோவுக்கு 100 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். 20 கிலோ குட்டியை வாங்கி 32 கிலோவில் விற்கத் திட்டமிட்டால் 12 கிலோ ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு 150 கிராம் ஏறினால் அதற்கு 80 நாள் ஆகும். ஒரு கிலோ எடை ஏற 6 கிலோ தீவனம் தேவைப்பட்டால் மொத்தம் 72 கிலோ. தீவனம் கிலோ 8 அலகு என்றால் 576 அலகு. தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் 60, ஆள் கூலிக்கும் கொட்டிலுக்கும் நாளுக்கு 1 வீதம் 80, இருமுறை வண்டி வாடகைக்கும் தரகுக்கும் 100, முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டி 58. நூற்றுக்கு மூன்று குட்டி செத்துப்போகும் என்று எடுத்துக்கொண்டு அதற்கு 70 சேர்க்கவும். (சாவைக் கணக்கில் எழுதக் கூடாது என்று தயங்குபவர்கள் உண்டு; எழுதாவிட்டாலும் அது வரும்.) ஆகச் செலவு 944 அலகு.

வரவைப் பார்க்கும்போது, 32 கிலோவை அப்படியே 100ஆல் பெருக்கிவிடக் கூடாது. பட்டினியிலும் பயணத்திலும் 4 முதல் 8 சதவீதம் வரை எடை குறைவது வழக்கம். 5 சதவீதம் குறைத்தால் 30.4 கிலோ, அதாவது 3040 அலகு. இதிலிருந்து செலவு 944ஐக் கழித்தால் 2096 வரும். அதை 20 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 105. இந்த விலையில் வாங்கினால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. குட்டிக்கு 200 அலகு மிஞ்ச வேண்டுமானால் 95க்கு மேல் கொடுக்கக் கூடாது. இதுதான் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய எண்.

குட்டியின் கிலோ விலை, கொழுத்த ஆட்டின் கிலோ விலையைவிடக் கூடுதலாக இருப்பது புதியவர்களுக்கு விந்தையாகத் தோன்றும். அதன் காரணமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. ஏற்றிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஆன செலவு ஏறக்குறைய 79 அலகு. பயண இழப்பு போக அந்தக் கிலோ விற்றுத் தருவது 95. இந்த 16 அலகு மிச்சத்தை எதிர்பார்த்து வாங்குபவர்கள் போட்டியிடுவதால், குட்டி விலை மேலே போகிறது. தீவன விலை உயர்ந்து, ஏற்றும் செலவு 95ஐத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழாகும். அப்போது கொழுத்த ஆட்டைவிட மலிவாகக் குட்டி கிடைத்தால் மட்டுமே இறங்கலாம்.

எந்த எண் தவறினால் அதிகம் அடிபடும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். தீவன விலை 10 சதவீதம் ஏறினால் இழப்பு ஏறக்குறைய 58 அலகு. விற்பனை விலை 10 சதவீதம் இறங்கினாலோ 304 அலகு போய்விடும். அது தீவனத்தால் வரும் அடியைப் போல ஐந்து மடங்கு. தீவனத்தில் காசு மிச்சம் பிடிப்பதிலேயே மனத்தைச் செலுத்திவிட்டு, விற்கும் தேதியைச் சந்தை போக்கிற்கு விட்டுவிடுவது இதனால்தான் தவறு என்கிறேன்.

விற்பனைக் காலத்தை எண்ணிப் பார்த்தே வாங்கும் நாளைக் குறிக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய பகுதிகளில், பகல் குறையும் பருவத்தில் சினைப்பிடிக்கும் இயல்பு செம்மறிக்கு இருப்பதால், குட்டிகள் வசந்தத்தில் பிறந்து இலையுதிர் காலத்தில் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்து விலையை இறக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த இயல்பு தளர்ந்து, மழையும் மேய்ச்சலுமே வரத்தைத் தீர்மானிக்கின்றன. வறட்சியில் குட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதே வறட்சி தீவனத்தை விலையேற்றிவிடும். ஒன்றைப் பார்த்து மகிழ்ந்து மற்றதை மறந்துவிடக் கூடாது. பக்ரீத் போல முழுக்கச் சந்திர நாட்காட்டியை ஒட்டிய பண்டிகைக்காக வளர்ப்பவர், அது சூரிய ஆண்டில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும் என்பதை நினைவில் கொண்டு, கொள்முதலையும் முன்னால் தள்ள வேண்டும்.

வாங்கும்போது உடல் மெலிந்தாலும் கண் தெளிவாகவும், நடை சுறுசுறுப்பாகவும், பின்புறம் கழிச்சலின்றிச் சுத்தமாகவும் உள்ள குட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. போதிய தீனியின்றி மெலிந்த குட்டி, தீனி கிடைத்ததும் வேகமாக ஈடுகட்டி வளரும். நோயால் மெலிந்தது அப்படி வளராது. இந்த வேறுபாட்டைக் கண்டறியக் கண்ணிமையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அது வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்க வாய்ப்புண்டு.

புதிய குட்டிகளை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, அந்த நாட்களிலேயே அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். திடீரென்று தானியத்தை அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் பெருகிக் குட்டி சாகும். குடலில் நுண்ணுயிர் பெருகி நஞ்சாகித் திடீரென்று கொல்லும் துள்ளுமாரி நோய்க்கும் அதுவே வழிவிடும். துள்ளுமாரிக்குத் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் இருமுறை போட வேண்டும். தீவனத்தில் 14 முதல் 16 சதவீதம் புரதம் போதும். கிடாக்களுக்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்காதிருக்கச் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும். மாட்டுக்கான தாது உப்பைக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் அதிலுள்ள செம்பின் அளவு செம்மறியின் ஈரலில் சேர்ந்து நஞ்சாகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், தீனி போடும் முன் எடை பார்த்து எழுதுவது இந்தத் தொழிலில் மிக மலிவான கருவி. நாளுக்கு 150 கிராமுக்குப் பதில் 100 கிராமே ஏறி, ஒரு கிலோ ஏற 8 கிலோ தீவனம் ஆனால், 80 நாள் 120 ஆகும், செலவு 944இலிருந்து ஏறக்குறைய 1205 ஆகும். லாபமும் நட்டமும் இல்லாத வாங்கும் விலை கிலோவுக்கு 105இலிருந்து 92ஆகச் சரிந்துவிடும். எடை ஏறாத குட்டியை முதல் மாதத்திலேயே பிரித்து விற்றுவிடுவதே நட்டத்தைக் குறைக்கும்.

எப்போது விற்பது என்ற கேள்விக்கும் எடைக் குறிப்பேடே விடை சொல்லும். வளர வளர ஆட்டின் உடலில் சதையைவிடக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது, கொழுப்பைச் சேர்க்க அதிகத் தீவனம் ஆகிறது. 32 கிலோ ஆடு நாளுக்கு 1.15 கிலோ தின்றால், கூலியும் வட்டியும் சேர்த்து அன்றைய செலவு ஏறக்குறைய 11 அலகு. 150 கிராம் ஏறினால், பயண இழப்பு போக, அன்றைய வரவு 14. 110 கிராமாகக் குறைந்தால் 10.5 மட்டுமே. செலவு வரவைத் தாண்டிய அந்த வாரமே விற்க வேண்டும், விலை கூடும் நாள் அருகில் நிச்சயமாக இருந்தாலொழிய. முதுகெலும்பின் இருபுறமும் கையால் அழுத்திப் பார்த்து, எலும்பு முனை மழுங்கலாகவும் சதை நிறைந்தும் இருப்பவற்றை முதலில் பிரித்து அனுப்பலாம். முழுக் கூட்டமும் ஒரே நாளில் தயாராவதில்லை, கடைசிக் குட்டிக்காக மற்றவற்றைக் காக்க வைப்பது நாளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து நிறுத்தி வைப்பதாகவே முடியும்.