பழைய லூகர் பிஸ்டல்: பார்த்து வாங்குவதும் பத்திரமாகச் சுடுவதும்

அமெரிக்காவில் பழைய பிஸ்டல் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலரின் முதல் ஆசை லூகர் பி08. ஜெர்மன் தரைப்படை 1908-ல் ஏற்றுக்கொண்ட, 9 மி.மீ. தோட்டா போடும் துப்பாக்கி. வாங்கிச் சுட விரும்பும் புதியவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: அலமாரிக்கா, சுடுவதற்கா?

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். லூகரின் அடிச்சட்டத்திலும் பேரலிலும் (குழல்) முழு வரிசை எண் பொறித்திருப்பார்கள். சின்னச் சின்ன உறுப்புகளில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் விலை எகிறும். அப்படிப்பட்ட ஒன்றைச் சுடும்போது எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்தால், புது எக்ஸ்ட்ராக்டர் கிடைக்கும். துப்பாக்கி மறுபடி வேலையும் செய்யும். ஆனால் எண் பொருத்தம் போனது போனதுதான். நூறு வருஷம் தாண்டி வந்த ஒன்றை ஒரு மதிய நேரப் பொழுதுபோக்குக்காக இழப்பது எனக்குச் சம்மதமில்லை. எண் பொருந்தாத, மறுபூச்சு செய்த லூகர்களை ‘ஷூட்டர்’ என்பார்கள். விலை கணிசமாகக் குறைவு. முதலில் அதையே வாங்குங்கள்.

சட்டம்

பழையது என்பதால் சட்டம் விலகிவிடாது. அமெரிக்க மத்திய சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் ‘ஆன்டீக்’. லூகரே 1900-ல்தான் சந்தைக்கு வந்தது. 50 வருஷம் கடந்து, மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருக்கும் துப்பாக்கி ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ வகை. அதற்கான சேகரிப்பாளர் உரிமம் டைப் 03. மூன்று வருஷத்துக்கு 30 டாலர். வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுதி வைப்பது கட்டாயம். வியாபாரம் செய்ய இந்த உரிமம் உதவாது. உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள். இந்தியாவில் கதையே வேறு: அங்கே 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது.

கையில் எடுத்துப் பார்ப்பது

விற்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் கூடு) கழற்றி, டாகிளை (மேலே உள்ள மடங்கும் மூட்டு) பின்னால் இழுத்து, சேம்பர் (சுடப்போகும் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டா உள்ளே இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் சற்று மேலே எழும்பி, அதன் பக்கவாட்டில் ‘கெலாடன்’ (தோட்டா ஏற்றியிருக்கிறது) என்ற ஜெர்மன் சொல் தெரியும். அது தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் காலி என்று முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் நிறம். முதல் உலகப்போர் காலத்து லூகரில் டிரிகர், சேஃப்டி லீவர், மேகசின் பட்டன் எல்லாம் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். அவையும் கருநீலமாக இருந்தால் பின்னால் பூச்சு போட்டிருக்கிறார்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் மெருகுச் சக்கரத்தில் தேய்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படை கைப்பற்றிய பல லூகர்களில் ஒரு எக்ஸ் குறி இருக்கும். அவை ஷூட்டருக்கு நல்ல தேர்வு.

கடைசியாக பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். லேசான அரிப்பு பரவாயில்லை. உள்ளே வளையம் மாதிரி கருநிழல் தெரிந்தால் அங்கே பேரல் புடைத்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

துப்பாக்கி மெக்கானிக்கிடம்

இந்தப் படியைத் தாண்டவே கூடாது. பழைய லூகர் தெரிந்த கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் தோட்டாவுக்குப் பின்னால் உள்ள இடைவெளி அளவு), ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி), ‘சீர்’ (டிரிகரை இழுக்கும்வரை அந்த ஊசியைப் பிடித்து வைக்கும் உறுப்பு) தேய்மானம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். லூகர் தோட்டாவைச் சரியாக ஏற்றாமல் அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் பழைய மேகசினே காரணம். மெக்-கார் நிறுவனம் புது மேகசின் செய்கிறது. அதைச் சுடுவதற்கு வைத்துக்கொண்டு பழையதை எடுத்து வையுங்கள்.

பக்கத் தகட்டைக் கழற்றினால் பேரல் பகுதியின் இடப்புறம் சீர் பார் வெளியே தெரியும். சேம்பரில் தோட்டா இருந்து, உள்ளே ஃபயரிங் பின்னும் சுடத் தயாராக இழுபட்டு நின்றால், டிரிகரைத் தொடாமலேயே அந்தப் பாரை அழுத்தி வெடிக்க வைக்க முடியும். ஆகவே கழற்றும் முன் சேம்பரை இரண்டு தடவை பாருங்கள்.

ரேஞ்சில்

புதிதாகத் தயாரான, சாதாரண அழுத்தமுள்ள 9 மி.மீ. உருண்டை முனைத் தோட்டா போதும். ‘+பி’ (கூடுதல் அழுத்தம்) என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம்.

முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்துச் சுடுங்கள். டாகிள் முழங்கால் மூட்டு போல மடங்கி மேலே எழும். கட்டைவிரல் அதன் வழியில் இருக்கக் கூடாது. வெளியே வந்த வெற்றுக்கூடு பிளந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அடுத்து இரண்டு. சீர் தேய்ந்திருந்தால் ஒரு தடவை டிரிகரை இழுத்ததும் இரண்டும் சேர்ந்தே போய்விடும். மேகசினில் எட்டுத் தோட்டாவையும் நிரப்பியிருந்தால் அந்த இடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி நடந்தால் அன்று அதோடு நிறுத்தி, கன்ஸ்மித்திடம் திரும்பக் கொண்டு போங்கள். இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் சுட்ட பிறகே மேகசினை நிரப்பலாம்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கிலேயே வைத்து அரை நிமிஷம் காத்திருந்து, பிறகு தோட்டாவை எடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தால் குண்டு பேரலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடாமல், துப்பாக்கியைக் காலி செய்து பேரலைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத் தூள் ஒட்டியிருக்கும். பேரலைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். மரப்பிடியில் எண்ணெய் படவேண்டாம். இடப்பக்கப் பிடியைக் கழற்றும்போது சேஃப்டி லீவரை ஒட்டிய மூலை எளிதில் பெயர்ந்துவிடும், நிதானமாக எடுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துத் துருப்பிடிக்க வைக்கும். துப்பாக்கியைக் காலியாக, சிலிக்கா ஜெல் பையோடு பூட்டுள்ள பெட்டியிலும், தோட்டாக்களை வேறொரு பூட்டிலும் வையுங்கள்.