எழுதும் கை, திருத்தும் கை: படைப்புப் பழக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று ஒருவர் கதையைத் தொடங்குகிறார். சாதாரணமாகத் தெரிகிறது, அடித்துவிட்டு ‘தூறிக்கொண்டிருந்தது’ என்கிறார். தூறல் போதாது என்று தோன்ற, ‘கொட்டிக்கொண்டிருந்தது’. மழையில் தொடங்குவதே பழைய பாணியோ என்ற சந்தேகத்தில் அதையும் அடிக்கிறார். இருபது நிமிடம் போய்விட்டது. கதையில் இன்னும் ஒரு ஆள்கூட வாசலைத் தாண்டவில்லை. நோட்டை மூடும்போது ‘இன்றைக்கு வரி அமையவில்லை’ என்று சொல்லிக்கொண்டால் பரவாயில்லை. அவர் சொல்லிக்கொள்வது ‘எனக்கு எழுத வராது’.

வரியைப் பற்றிய தீர்ப்பு ஆளைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது. எழுத்து, ஓவியம், இசை, கைவினை என எதை எடுத்தாலும் தன்னம்பிக்கையில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். கீழே வரும் தவறுகள் பார்க்க வெவ்வேறாக இருந்தாலும், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்று: செய்த பொருளையும் செய்தவரையும் ஒரே தராசில் வைப்பது.

செய்யும்போதே திருத்துவது

புதிதாக ஒன்றை உண்டாக்கும்போது மனம் தாராளமாக இருக்க வேண்டும். சரிபார்க்கும்போது கறாராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் கறார்தான் ஜெயிக்கும். எழுதிய வரியின் குறை கண் முன்னால் கிடக்கிறது, அடுத்த வரியோ இன்னும் பிறக்கவே இல்லை.

ஆகவே இரண்டுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள். 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, கைப்பேசியைக் கையெட்டாத தூரத்தில் போடுங்கள். அலாரம் அடிக்கும்வரை ஒரே விதி: எழுதியதற்குத் திரும்பிப் போகக் கூடாது. சொல் கிடைக்கவில்லையா, ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள். பாத்திரத்துக்குப் பெயர் தோன்றவில்லையா, ‘இவன்’ என்றே ஓட்டுங்கள். கணினியில் எழுதுபவர்களுக்கு இது கஷ்டம். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தட்டச்சு செய்து பார்க்கலாம். எழுத்துப்பிழை மலிந்து கிடக்கும், கிடக்கட்டும்.

திருத்துவது மறுநாள். அதிலும் இரண்டு சுற்று. முதல் சுற்றில் சொற்களைத் தொடாதீர்கள். எந்தப் பத்தி வேண்டாம், எது முன்னால் வர வேண்டும் என்று மட்டும் பாருங்கள். சொல்லுக்கு இரண்டாம் சுற்று. இதை மாற்றிச் செய்தால், ஒரு மணி நேரம் இழைத்த பத்தி கதைக்கே தேவையில்லை என்று கடைசியில் தெரியவரும். இழைத்த உழைப்பை நினைத்து அதை வெட்ட மனசு வராது.

ஓவியத்தில் இதே தவறு ரப்பர் வடிவில் வரும். தப்பான கோட்டை உடனே அழித்தால், எங்கே தப்பியது என்று காட்டும் அடையாளமும் சேர்ந்து போய்விடும். புதுக் கோடும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே விழும். முதல் பத்து நிமிடம் ரப்பர் மேசையில் இருக்க வேண்டாம். பென்சிலை அழுத்தாமல் பிடித்து, தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்ததைப் போடுங்கள். சரியானது கிடைத்ததும் அதை மட்டும் அழுத்தினால் போதும்.

கண்ணாடி முன் நின்று சொல்லும் வசனம்

‘நான் சிறந்தவன், என்னால் எல்லாம் முடியும்’ என்று தினமும் சொல்லும்படி யோசனை தராதவர்கள் குறைவு. சிக்கல் என்னவென்றால், யாருக்கு அது அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களையே அது திருப்பி அடிக்கலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருள்பட்ட வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன, தன்மதிப்பு குறைந்தவர்களின் மனநிலை, சொல்லாமல் இருந்தவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. வாய் சொல்வதற்கும் உள்ளே நம்புவதற்கும் இடையே தூரம் அதிகமானால், மனம் எதிர்சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்ற ஆரம்பித்துவிடும்.

மனம் மறுக்க முடியாத வாக்கியம் வேண்டும். ‘நான் நல்ல எழுத்தாளர்’ என்பதை மறுக்கலாம். ‘செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கம் எழுதினேன், வீட்டைப் பற்றிய வருணனை வந்தது, உரையாடல் வரவில்லை’ என்பதை மறுக்க வழியில்லை. வேலை முடிந்ததும் இப்படி இரண்டு வரி குறித்து வையுங்கள்: தேதி, எவ்வளவு, எது வந்தது, எது வரவில்லை. ‘மோசம்’ என்று எழுதத் தோன்றினால் எந்த இடம் மோசம் என்று எழுதுங்கள். ‘உரையாடல் வரவில்லை’ என்பது நாளைக்குச் செய்ய ஒரு வேலையைத் தருகிறது. வெறும் ‘மோசம்’ எதையும் தருவதில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் அதற்கு நோட்டும் பேனாவும் மருந்தில்லை. மருத்துவரைப் பாருங்கள்.

21 நாள் கணக்கு

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்பார்கள். அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியதிலிருந்து பரவியது இது. முகம் மாறிய நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்பது அவர் கவனித்தது. வாய் மாறி வாய் வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, பானம், உடற்பயிற்சி சார்ந்த ஒரு சின்னச் செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய, நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணிப்பு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை.

22-ஆம் நாளும் உட்கார உடம்பு முரண்டு பிடித்தால் கணக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைக்காமல், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: பல் தேய்த்த கையோடு பத்து நிமிடம். முடியாத நாளுக்கு என்று ஒரு குறைந்த அளவும் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வரியோ ஒரு கோட்டோவியமோ. விட்ட நாளுக்கு வட்டி போட்டு மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அது மூன்றாம் நாளையும் காவு வாங்கும்.

‘எப்படி இருக்கு?’

இந்தக் கேள்விக்கு ‘நல்லா இருக்கு’, ‘பரவாயில்ல’ என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு. முதலாவது இனிக்கும், இரண்டாவது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாலும் ஒரு வரிகூடத் திருந்தாது. பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த க்லூகர், டினிசி என்ற இரு ஆய்வாளர்கள், மொத்தத்தில் அது உதவினாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறனைக் குறைத்தது என்று 1996-இல் எழுதினார்கள். கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும் அளவுக்குப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கேள்வியை மாற்றுங்கள். ‘எந்த இடத்தில் கவனம் சிதறியது?’ ‘யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பியது?’ ‘எந்த வரி இப்போதும் நினைவில் இருக்கிறது?’ முதல் வரைவைக் கொடுக்காதீர்கள்; ஒரு முறையாவது திருத்தியபின், அந்த மாதிரி எழுத்தை வழக்கமாகப் படிக்கும் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் கொடுங்கள். அவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து தப்பாக இருக்கலாம், வலி அந்த இடத்தில்தான்.

கூட்டமாக உட்கார்ந்து யோசனை தேடுபவர்களும் முதலில் தனித்தனியாக யோசிப்பது நல்லது. தனித்தனியாக யோசித்தவர்களின் யோசனைகளைச் சேர்த்தால், அதே எண்ணிக்கையில் சேர்ந்து பேசியவர்களுடையதைவிட அதிகம் தேறுகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1958-லேயே காட்டிவிட்டது. முதல் ஏழு நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதுங்கள், பிறகு வாசியுங்கள்.

விலை கூடிய நோட்டு வாங்குவதைப் பற்றி ஒரு வரி போதும்: முதல் பக்கத்தைப் பாழாக்கப் பயம் வந்தால் அந்த நோட்டு உங்களுக்கு ஆகாது.

அடுத்தவரின் முடிந்த வேலையோடு ஒப்பிடுவது

அவருடைய முப்பதாவது முயற்சி உங்கள் கண்ணில் படுகிறது, முந்தைய இருபத்தொன்பதும் அலமாரியில் இருக்கின்றன. ஒப்பிடாமல் இருக்க யாராலும் முடியாது. ஒப்பிடும் ஆளை மாற்றலாம். மாதத்தின் முதல் நாள், ஒரே பென்சிலால், 15 நிமிடம் மட்டும், உங்கள் இடது கையை வரையுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் வலது கையை. தேதி போட்டு, எதையும் கிழிக்காமல் உறையில் போட்டு வையுங்கள். ஆறாவது மாதம் ஆறையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். கட்டைவிரல் எந்த மாதம் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று தெரியும். சுண்டுவிரல் இன்னும் குட்டையாகவே இருக்கலாம். ஏழாவது மாதத்துக்கு அதுதான் வேலை.